ஆபிஸ் கேலண்டரும் சொந்தக் கேலண்டரும்: மீட்டிங்குகளை ஸ்கிரிப்ட் வைத்து நகலெடுக்க முழு வழிகாட்டி

டீமுக்குப் பொதுவாக ஒரு கூகுள் கேலண்டர், சொந்த ஜிமெயில் கணக்கில் வீட்டு விஷயங்களுக்கு இன்னொன்று என்று வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகவே தெரிந்திருக்கும். சனிக்கிழமை 11 மணிக்குப் பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று ஒன்றில் இருக்கும், அதே 11 மணிக்கு டீம் கேலண்டரில் யாரோ ஒரு ரிலீஸ் கால் போட்டு வைத்திருப்பார்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று தெரியாமலே சனிக்கிழமை வந்துவிடும். கையால் எழுதி ஒத்துப் பார்த்துக்கொள்வது ஒரு வாரம் நடக்கும், அப்புறம் விட்டுப்போகும்.

இதற்கு நான் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் பயன்படுத்துகிறேன், கூகுள் சேவைகளை ஜாவாஸ்கிரிப்ட் எழுதி இயக்க கூகுளே தரும் கருவி அது. காசு கிடையாது, சர்வர் வேண்டாம், கூகுளின் கம்ப்யூட்டரிலேயே ஓடும். எழுத வேண்டியது 100 வரிக்குள்தான். அந்த வரிகளை அப்படியே ஒட்டாமல் ஒவ்வொரு படியும் என்ன செய்ய வேண்டும், ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரிந்தால் போதும், ஃபங்ஷன் பெயர்களை எடிட்டரே காட்டிக்கொடுக்கும். ஒரு ஈவென்ட்டைப் படித்து இன்னொரு இடத்தில் எழுதுவது பத்து நிமிட வேலை. அசல் மாறும்போது நகலும் மாற வேண்டும், அசல் போனால் நகலும் போக வேண்டும், வேறு எதையும் அது தொடக்கூடாது. உழைப்பெல்லாம் இதில்தான் இருக்கிறது.

நகலெடுக்கத்தான் வேண்டுமா?

உங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒரே திரையில் தெரிந்தால் போதும் என்றால் வேண்டாம். டீம் கேலண்டரைச் சொந்தக் கணக்கோடு ஷேர் செய்துகொண்டு பக்கத்தில் டிக் போட்டால் வேறு நிறத்தில் தெரியும், அவ்வளவுதான். ஐகால் முகவரியை (கேலண்டரை வேறு இடத்தில் காட்டுவதற்கான இணைய முகவரி) கொடுத்து யூஆர்எல் வழியாகச் சேர்க்கலாம்தான், ஆனால் அதில் மாற்றம் வந்து சேர 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகுளே சொல்லியிருக்கிறது. காலையில் தள்ளிப்போன மீட்டிங் ராத்திரிதான் தெரியும் என்றால் அதை நம்பி ஒன்றும் செய்ய முடியாது.

மற்றவர்கள் உங்கள் நேரத்தைப் பார்க்கும் இடத்தில்தான் நகல் தேவைப்படுகிறது. டீம் கேலண்டரைப் பார்த்து ஆள் ஒதுக்குகிறவருக்கு உங்கள் சொந்தக் கேலண்டர் தெரியாது. வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபிஸ் கேலண்டர் தெரியாது. அங்கே நிஜமான ஈவென்ட் ஒன்று உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும்.

தொடங்கும் முன் ஒரு காரியம் செய்துவிடுங்கள்: ஆபிஸ் மீட்டிங் விவரங்களைச் சொந்தக் கணக்கில் வைக்கலாமா என்று ஐடி பிரிவில் கேளுங்கள். வாடிக்கையாளர் பெயர் தலைப்பிலேயே இருக்கும் மீட்டிங்குகள் எத்தனையோ. கூடாது என்றால் தலைப்பை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் எடுங்கள், அதற்கும் இதே ஸ்கிரிப்ட் போதும்.

அனுமதியும் ஐடியும்

ஸ்கிரிப்ட் எந்தக் கணக்கில் ஓடுகிறதோ அந்தக் கணக்குக்கு அசல் இருக்கும் கேலண்டரைப் படிக்கவும், நகல் போகும் கேலண்டரில் எழுதவும் அனுமதி வேண்டும். நான் சொந்தக் கணக்கில் ஓட்டுகிறேன். டீம் கேலண்டரின் செட்டிங்ஸில் ஷேரிங் பகுதிக்குப் போய்ச் சொந்த மெயில் முகவரியைச் சேர்த்தால் நான்கு படிகள் காட்டும்: பிஸியா ஃப்ரீயா என்று மட்டும் பார்ப்பது, எல்லா விவரமும் பார்ப்பது, மாற்றங்கள் செய்வது, மாற்றங்களோடு ஷேரிங்கையும் நிர்வகிப்பது. டீமிலிருந்து சொந்தத்துக்கு மட்டும் என்றால் இரண்டாவது போதும், இரண்டு பக்கமும் என்றால் மூன்றாவது. வெளி முகவரிகளுக்கு முதல் படிக்கு மேல் கொடுக்க முடியாதபடி சில நிறுவனங்களில் அட்மின் பூட்டி வைத்திருப்பார். அப்போது தலைப்பு கிடைக்காது, நேரம் மட்டும்தான்.

அதே செட்டிங்ஸில் கீழே இன்டக்ரேட் கேலண்டர் என்ற பகுதியில் கேலண்டர் ஐடி இருக்கும். பிரைமரி கேலண்டருக்கு உங்கள் மெயில் முகவரியேதான் ஐடி, மற்றவற்றுக்கு நீளமான ஒரு எழுத்துக்கூட்டம். இரண்டையும் காப்பி செய்து வைத்துக்கொள்ளுங்கள். இவற்றோடு 'சோதனை' என்ற பெயரில் ஒரு காலிக் கேலண்டரையும் உருவாக்குங்கள். முதல் இரண்டு நாள் எழுதுவதெல்லாம் அதில்தான்.

ப்ராஜெக்ட்

ஸ்கிரிப்ட் டாட் கூகுள் டாட் காம் போய்ப் புது ப்ராஜெக்ட் தொடங்கியதும் முதல் வேலை, ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் டைம் ஜோன் பார்ப்பது. இந்தியாவில் இருந்தால் கொல்கத்தா நேரம் என்று இருக்க வேண்டும். வேறு ஊர் நேரம் இருந்தால் 'இன்று நள்ளிரவு' என்று நீங்கள் கணக்கிடுவது வேறு ஏதோ ஒரு மணியில் போய் நிற்கும்.

அடுத்து, இடது பக்கம் சர்வீசஸ் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தி கூகுள் கேலண்டர் ஏபிஐயை, அதாவது ஸ்கிரிப்ட் கேலண்டரோடு நேராகப் பேசும் வழியை, சேர்க்க வேண்டும். ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் கேலண்டர்ஆப் என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, பலரும் அதிலேயே தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதன் சிக்கல் திரும்பத் திரும்ப வரும் மீட்டிங்குகளில் தெரியும். தினமும் 10 மணிக்கு நடக்கும் ஸ்டாண்டப்பின் (டீமின் சின்னத் தினசரிக் கூட்டம்) ஒவ்வொரு நாளுக்கும் கேலண்டர்ஆப் ஒரே ஐடியைத்தான் கொடுக்கும், ஏபிஐ ஒவ்வொரு நாளுக்கும் தனி ஐடி கொடுக்கும். செவ்வாய்க்கிழமை மட்டும் 10:30க்குத் தள்ளிப்போனால் எந்த நகலை மாற்றுவது என்று தெரிய, அந்தத் தனி ஐடி வேண்டும்.

அழிக்கும் ஃபங்ஷனை முதலில் எழுதுங்கள்

என் முதல் ஸ்கிரிப்ட் ஒரே தலைப்பும் ஒரே நேரமும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் புதிதாக உருவாக்கியது. நகல் என்று தெரிய வேண்டும் என்பதற்காகத் தலைப்பின் முன்னால் 'ஆபிஸ்:' என்று சேர்த்திருந்தேன். அசலின் தலைப்பில் அது இல்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் 'இல்லை' என்றே பதில் வந்தது, ஒவ்வொரு 15 நிமிடமும் ஒன்று புதிதாக உருவானது. ராத்திரி 11 மணிக்கு ஓடவிட்டுப் படுத்தேன், காலை 7 மணிக்கு மறுநாள் ஸ்டாண்டப் 32 முறை அடுக்கடுக்காக நின்றது. அதோடு, பங்கேற்பவர்கள் பட்டியலையும் நகலெடுத்திருந்ததால் டீமில் இருந்த மற்றவர்கள் கேலண்டரிலும் அத்தனையும் போய் நின்றிருந்தன. தலைப்பில் இருந்த 'ஆபிஸ்:' என்ற எழுத்தைத் தவிர, ஸ்கிரிப்ட் நம்பிப் பிரித்தெடுக்க எந்த அடையாளமும் இல்லை. ஒவ்வொன்றாகக் கையால் அழித்தேன்.

ஆகவே நகல் ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை வேண்டும். கேலண்டர் ஏபிஐயில் எக்ஸ்டெண்டட் பிராப்பர்ட்டீஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. ஈவென்ட்டோடு கூடவே இருக்கும், திரையில் தெரியாது. அதன் பிரைவேட் பகுதியில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்:

- எந்த ஸ்கிரிப்ட், எந்தத் திசை என்ற பெயர், உதாரணமாக 'டீமிலிருந்து சொந்தத்துக்கு'
- அசலின் ஐடி
- அசலின் உள்ளடக்கத்தின் சுருக்கம், அதாவது தலைப்பு, தொடக்கம், முடிவு, இடம் நான்கையும் சேர்த்து எடுத்த ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், நிலையான நீளமுள்ள ஒரு குறியீடு, உள்ளடக்கம் மாறினால் அதுவும் மாறும்)

ஒவ்வொரு பிராப்பர்ட்டியின் பெயரும் 44 எழுத்துக்குள், அதன் மதிப்பு 1024 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஹாஷ் என்பதால் எவ்வளவு நீளத் தலைப்பு வந்தாலும் அடங்கிவிடும். அந்தக் கேலண்டரைப் படிக்க அனுமதி உள்ள வேறு ஸ்கிரிப்ட்டும் இதைப் படிக்க முடியும், ரகசியம் எதையும் வைக்காதீர்கள்.

இந்த முத்திரையைக் கொடுத்தே தேடலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். அழிக்கும் ஃபங்ஷன் அப்போது மிகச் சின்னது: நகல் கேலண்டரில் இந்த முத்திரை உள்ள ஈவென்ட்டுகளை எல்லாம் கேள், ஒவ்வொன்றாக நீக்கு. இதை எழுதி, சோதனைக் கேலண்டரில் முத்திரையோடு இரண்டு ஈவென்ட், முத்திரை இல்லாமல் இரண்டு ஈவென்ட் போட்டு, ஓட்டிப் பாருங்கள். முத்திரை இல்லாதவை அப்படியே இருந்தால் மேலே போகலாம். முதல் முறை ஓட்டும்போது இந்த ஆப்பை கூகுள் சரிபார்க்கவில்லை என்று எச்சரிக்கை வரும். நீங்களே எழுதியது என்பதால் அட்வான்ஸ்டு என்பதை அழுத்தித் தொடரலாம். வேறு யாரோ எழுதியதை ஒட்டியிருந்தால் ஒவ்வொரு வரியும் படித்துவிட்டுத் தொடருங்கள்.

அசலைப் படிப்பது

ஈவென்ட்ஸ் லிஸ்ட் என்ற அழைப்புக்கு நான்கு விஷயம் கொடுக்க வேண்டும். டைம்மின்: இன்று தொடங்கிய நள்ளிரவுக்கு 7 நாள் முந்தைய நேரம். டைம்மேக்ஸ்: இன்றிலிருந்து 60 நாள். சிங்கிள்ஈவென்ட்ஸ்: ட்ரூ, அதாவது திரும்ப வரும் மீட்டிங்கை ஒவ்வொரு நாளாகப் பிரித்துக் கொடு. மேக்ஸ்ரிசல்ட்ஸ்: 2500.

திரும்ப வரும் மீட்டிங்கின் விதியையே ஒரே நகலாக எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். இரண்டு வாரம் அப்படி ஓட்டிப் பார்த்துவிட்டு விட்டேன். ஒரு நாள் ரத்து, ஒரு நாள் மட்டும் நேரமாற்றம், 'இதற்குப் பின் வருவதெல்லாம் மாறட்டும்' என்று யாரோ இரண்டாகப் பிரித்தது, இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கையாள வேண்டியிருக்கிறது. வார நாட்களில் தினமும் நடக்கும் மீட்டிங் 60 நாளில் சுமார் 43 நகல் ஆகும், ஆகட்டும், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஏன் 7 நாள் பின்னோக்கிப் போக வேண்டும்? நேற்று நடக்க வேண்டியது நடக்காமல் நாளைக்கு நகர்ந்தால், டைம்மின் 'இப்போது' என்று இருந்தால் நேற்றைய நகல் கண்ணில் படாது. நாளைக்குப் புதிதாக ஒன்று உருவாகும், நேற்றையது அப்படியே நிற்கும். ஒரு வாரம் பின்னால் போனால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். இந்த இரண்டு எல்லைகளையும் ஒரே இடத்தில் கணக்கிட்டு அசலைப் படிக்கவும் நகலைப் படிக்கவும் அதே மதிப்புகளையே பயன்படுத்துங்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. மேக்ஸ்ரிசல்ட்ஸ் கொடுக்காவிட்டால் ஒரு முறைக்கு 250தான் வரும், கொடுத்தாலும் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும் என்று உத்தரவாதம் இல்லை. பதிலில் அடுத்த பக்கத்துக்கான டோக்கன் இருக்கிறதா என்று பார்த்து, இருக்கும்வரை திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தால் 251வது ஈவென்ட்டிலிருந்து எல்லாமே 'அசலில் இல்லை' என்று கணக்காகி அவற்றின் நகல்கள் அழிந்துவிடும். டைப்பிங் பிழை போல இது உடனே தெரியாது, கேலண்டர் நிரம்பும் ஒரு மாதத்தில்தான் தெரியும்.

எதையெல்லாம் விடுவது

நீங்கள் வர முடியாது என்று மறுத்த மீட்டிங்குகளை விடலாம், ஆனால் உங்கள் பெயர் எந்தக் கணக்கில் பங்கேற்பாளராக இருக்கிறது என்று பார்த்து அந்த முகவரியை வைத்துத் தேடுங்கள். ஃப்ரீ என்று குறித்தவற்றை விடலாம். பணியிடம் காட்டும் ஈவென்ட், பிறந்தநாள் ஈவென்ட் இவற்றையும் ஈவென்ட்டைப் என்ற புலத்தைப் பார்த்து விடலாம்.

விட்டே ஆக வேண்டியது ஒன்று: ஏற்கெனவே உங்கள் முத்திரை உள்ளது. இரண்டு திசையிலும் ஓட்டினால் டீமிலிருந்து சொந்தத்துக்கு வந்த நகலை, அடுத்த திசை 'சொந்தக் கேலண்டரில் புது ஈவென்ட்' என்று எண்ணி டீமுக்கு அனுப்பும், அதை முதல் திசை மறுபடி எடுக்கும். ஆகவே படித்த ஒவ்வொரு ஈவென்ட்டிலும் எந்தத் திசையின் முத்திரை இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். நகலுக்கு ஒருபோதும் நகல் கூடாது.

ஒப்பிட்டு எழுதுவது

நகல் கேலண்டரில் முத்திரை உள்ளவற்றை எல்லாம் எடுத்து, அசல் ஐடியைச் சாவியாக வைத்து ஒரு மேப் செய்துகொள்ளுங்கள். ஒரே சாவிக்கு இரண்டு வந்தால் இரண்டாவதை நீக்கிவிடலாம். பிறகு அசல் ஒவ்வொன்றுக்கும்: மேப்பில் இல்லையா, உருவாக்கு. இருக்கிறது, ஹாஷ் வேறு, மாற்று. இருக்கிறது, ஹாஷ் ஒன்றே, தொடாதே. கடைசியில் எந்த அசலோடும் பொருந்தாமல் மேப்பில் மிச்சம் நிற்பவை எல்லாம் அசலை இழந்தவை, அவற்றை நீக்கு.

அசலின் 'கடைசியாக மாறிய நேரம்' என்ற புலத்தை ஒப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். யாரோ ஒருவர் 'வருகிறேன்' என்று பதில் சொன்னாலே அது மாறிவிடும், நமக்கு வேண்டியது எதுவும் மாறியிருக்காது. ஹாஷ் எடுக்கும்போது நேரத்தை எழுத்தாகச் சேர்க்காமல் மில்லி செகண்டாக மாற்றிச் சேருங்கள். காலை 10 மணி என்பது ஐந்தரை மணி நேர வித்தியாசத்தோடும் எழுதப்படும், யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) 4:30 என்றும் எழுதப்படும். இரண்டும் ஒரே கணம்தான், எழுத்தாகப் பார்த்தால் வேறு.

முழு நாள் ஈவென்ட்டுகளுக்கு இந்த மாற்றம் வேண்டாம், அவை வேறு வகை. அவற்றில் நேரமே இருக்காது, தேதி மட்டும்தான், முடிவுத் தேதி எப்போதும் ஒரு நாள் தள்ளி இருக்கும். ஜனவரி 15 முதல் 17 வரை பொங்கல் விடுமுறை என்றால் முடிவு 18 என்று வரும். இதைப் பிழை என்று நினைத்து ஒரு நாள் குறைத்துவிடாதீர்கள், குறைத்தால் காணும் பொங்கல் அன்று வேலை நாள் ஆகிவிடும். ஸ்டார்ட், எண்ட் இரண்டையும் அசலில் இருப்பதுபோல அப்படியே எடுத்து வைத்தால் இரண்டு வகையும் சரியாக வரும்.

டீமிலிருந்து சொந்தத்துக்கு வரும்போது தலைப்பு, நேரம், இடம் போதும், மீட் லிங்க் இருந்தால் விவரப் பகுதியில் எழுத்தாகப் போடுங்கள். பங்கேற்பவர்களை ஒருபோதும் எடுக்காதீர்கள், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். இணைப்புக் கோப்புகளையும் விட்டுவிடலாம்.

சொந்தத்திலிருந்து டீமுக்குப் போகும்போது தலைப்பு 'பிஸி', உங்கள் பெயர், நேரம், அவ்வளவே. அசல் தலைப்பை அனுப்பிவிட்டு விசிபிலிட்டியை பிரைவேட் ஆக்கினால் போதும் என்று நினைப்பது தவறு. அந்தக் கேலண்டரில் மாற்றம் செய்யும் அனுமதி உள்ள எல்லோருக்கும் பிரைவேட் ஈவென்ட்டின் விவரமும் தெரியும். மருத்துவரைப் பார்க்கப் போவது உங்கள் சொந்த விஷயம். அந்த எழுத்து ஸ்கிரிப்ட்டிலிருந்து வெளியே போகவே கூடாது. இந்தத் திசையில் ரிமைண்டரையும் நிறுத்திவிடுங்கள், ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை போன் அடிக்க வேண்டாம்.

அழிப்பதற்கு முன் ஒரு தடுப்பு

டீம் கேலண்டரின் ஷேரிங்கை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். ஏபிஐ 404 பிழை கொடுக்கும். அந்தப் பிழையை ட்ரை கேட்ச்சில் பிடித்துக் காலிப் பட்டியலாகத் திருப்பி அனுப்பியிருந்தால், ஸ்கிரிப்ட் 'அசல் ஒன்றுமே இல்லை' என்று முடிவு செய்து எல்லா நகலையும் துடைத்துவிடும். படிக்கும் இடத்தில் பிழை வந்தால் அங்கேயே நிற்கட்டும், பிடிக்காதீர்கள். அதோடு, நீக்க வேண்டியவை மொத்த நகலில் பாதிக்கு மேல் இருந்தால் எதையும் நீக்காமல் உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பிவிட்டு நிற்கும்படி இரண்டு வரி சேருங்கள். அப்படியும் தவறிப்போனால் கேலண்டரின் ட்ராஷில் 30 நாள் வரை இருக்கும்.

எழுதி முடித்ததும் நேராக ஓட்ட வேண்டாம். மேலே ஒரு மாறி வைத்து, அது ட்ரூவாக இருக்கும்வரை 'இதை உருவாக்குவேன், இதை மாற்றுவேன், இதை நீக்குவேன்' என்று லாக்கில் மட்டும் எழுதட்டும். சோதனைக் கேலண்டருக்கு மாற்றி நிஜமாக ஓட்டுங்கள், உடனே இரண்டாம் முறை ஓட்டுங்கள். இரண்டாம் முறை உருவாக்கம் 0, மாற்றம் 0, நீக்கம் 0 என்று வர வேண்டும். வராவிட்டால் ஹாஷில் ஏதோ தவறு, ஸ்கிரிப்ட்டைத் தானாக ஓட வைக்கும் ட்ரிக்கர் பக்கம் போகாதீர்கள்.

தானாக ஓட வைப்பது

இடது பக்கம் ட்ரிக்கர்ஸில் நேர அடிப்படையிலான ட்ரிக்கர் போடலாம். எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை என்பதைக் கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள். சாதாரண ஜிமெயில் கணக்கில் ட்ரிக்கர்கள் ஒரு நாளைக்கு மொத்தம் 90 நிமிடம்தான் ஓடலாம், ஒரு ஓட்டம் 6 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. ஒரு ஓட்டம் 20 விநாடி என்றால் 15 நிமிடத்துக்கு ஒரு முறை 96 ஓட்டம், 32 நிமிடம், தாராளம். 5 நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் 288 ஓட்டம், 96 நிமிடம், 90 தீர்ந்ததும் அந்த நாளின் மிச்ச நேரம் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். கேலண்டர் மாறினால் உடனே ஓடும் ட்ரிக்கரும் உண்டு, ஆனால் எந்த ஈவென்ட் மாறியது என்று அது சொல்லாது, எப்படியும் முழுதாக ஒப்பிட வேண்டும். எனக்கு 15 நிமிடமே போதுமானதாக இருக்கிறது.

ஒரு ஓட்டம் முடியும் முன் அடுத்தது தொடங்கினால் இரண்டும் ஒரே ஈவென்ட்டை உருவாக்கும். லாக்சர்வீஸ் வைத்துத் தொடக்கத்திலேயே பூட்டு போடுங்கள், பூட்டு கிடைக்காவிட்டால் அந்த ஓட்டம் சும்மா வெளியேறட்டும். முதல் ஓட்டத்தில் நூற்றுக்கணக்கில் உருவாக்க வேண்டியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் இடையில் 200 மில்லி செகண்ட் விடுங்கள், இல்லாவிட்டால் வேகமாகக் கேட்கிறாய் என்று ஏபிஐ மறுக்கும். ட்ரிக்கரில் பிழை அறிவிப்பை 'உடனே' என்று வைப்பது நல்லது.

மாறியவற்றை மட்டும் கேட்டு வாங்க சிங்க் டோக்கன் என்று ஒரு முறையும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஈவென்ட்டுகளுக்கு அதுதான் சரி. ஆனால் அதனோடு டைம்மின், டைம்மேக்ஸ், முத்திரைத் தேடல் எதையும் சேர்த்துக் கொடுக்க முடியாது, டோக்கன் காலாவதியானால் 410 பிழை வரும், மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். ஒரு ஆளின் இரண்டு கேலண்டருக்கு ஒவ்வொரு முறையும் முழுதாக ஒப்பிடுவதையே நான் விரும்புகிறேன், ஏனென்றால் நடுவில் ஒரு ஓட்டம் தவறினாலும் அடுத்தது தானே சரிசெய்துகொள்ளும்.

நகலைக் கையால் மாற்றாதீர்கள் என்று வீட்டிலும் டீமிலும் சொல்லிவையுங்கள். நகலை 12 மணிக்கு இழுத்து வைத்தால் அசல் மாறாது, ஹாஷ் அசலுடையது என்பதால் ஸ்கிரிப்ட்டும் அதைத் திருத்தாது. நகல்களுக்கு ஒரே நிறம் கொடுத்துவிட்டால் பார்த்ததும் தெரியும், கலர்ஐடி 1 முதல் 11 வரை இருக்கிறது. எங்கள் வீட்டில் சாம்பல் நிறத்தில் இருப்பதை யாரும் தொடுவதில்லை.

வேலை மாறும்போதோ டீம் மாறும்போதோ முதலில் ட்ரிக்கரை நீக்குங்கள், அப்புறம் அழிக்கும் ஃபங்ஷனை ஒவ்வொரு திசைக்கும் ஒரு முறை ஓட்டுங்கள். இந்த வரிசையை மாற்றினால் அழித்த 15 நிமிடத்தில் எல்லாம் திரும்ப வந்துவிடும். டீம் கேலண்டரில் நீங்கள் போட்ட 'பிஸி'கள் எல்லாம் போய்விட்டனவா என்று பார்த்த பிறகே ஷேரிங்கை எடுக்கச் சொல்லுங்கள், எடுத்துவிட்டால் உள்ளே போய் அழிக்க உங்களுக்கு வழி இருக்காது.